பிலாத்துவின் கோட்டு

பிப்ரவரி 17, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போதே புதுச் சாமியார் கூப்பிட்டுவிட்டார். பள்ளிக்கூட விஷயமாக இருக்கும் என்று போனால், பாஸ்கா நாடகம்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் சனியும் ஞாயிறும் ஆண்டவருடைய பாடுகளை எங்கள் ஊரில் நாடகமாகப் போடுவார்கள். (எனக்காக எழுதும் நோட்டில்கூட இப்படி விளக்குகிறேன். சரித்திர டீச்சர் வேலை பார்த்துப் பார்த்து வந்த வியாதி.) இது நூறாவது வருடம். ஆயர் வருகிறாராம்.

"போன வருஷ போட்டோ பாத்தேன் டீச்சர். ரோமாபுரிச் சிப்பாய் ஜரிகை ஜிப்பா போட்டிருக்கான். ஏரோது தலையில நவாப் குல்லா. ஆயர் சிரிச்சிருவாரு. நீங்க சரித்திரம் படிச்சவங்க, உடுப்பை மட்டும் பொறுப்பெடுத்துச் சரி பண்ணிக் குடுங்க."

ஃபாதர் வெனான்சியுஸ் ரோமில் நாலு வருடம் படித்தவர். அவர் கேட்கிறாரே என்று ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கே அந்த உடுப்புகளைப் பார்த்தால் பல்லைக் கடிக்கத் தோன்றும், அதனால் ஒப்புக்கொண்டேன்.

நாடகத்தை நடத்துகிற சந்தியாகு அண்ணாவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து காட்டினார். பாச்சை உருண்டை வாசனையில் தும்மித் தீர்த்தேன். தலைமைக் குருவுக்கு அட்டையில் செய்த ஆயர் தொப்பி. மாதாவுக்கு நீல நைலக்ஸ் சேலை. யூதாசுக்கு மட்டும் ஏனோ கட்டம் போட்ட லுங்கி. ஒரே பெட்டிக்குள் டெல்லி, போர்ச்சுகல், பர்மா எல்லாம் கிடந்தன. ரோமாபுரிதான் இல்லை.

ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லிக் கை கழுவும் ரோமாபுரி அதிகாரி பிலாத்துவின் கோட்டு அதில் இல்லை. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்றே அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பிலாத்து எங்கள் அப்பா.

பிப்ரவரி 18, திங்கள்

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பெரிய வேடங்கள் இங்கே குடும்பச் சொத்து. தகப்பனுக்குப் பிறகு மகன். சாம்பல் புதனுக்கு உடுப்பு வீட்டுக்கு வந்தால், நாடகம் முடியும் வரை அந்த வீட்டில் மீன் கிடையாது, சண்டை கிடையாது. கடற்கரை ஊரில் மீன் இல்லாமல் இருப்பதே பெரிய பாடு. சண்டை போடாமல் இருக்க எனக்கும் அப்பாவுக்கும் அதைவிடக் கஷ்டம்.

அப்பா, இஞ்ஞாசி பர்னாந்து, அவருடைய அப்பாவிடமிருந்து பிலாத்துவை வாங்கிக்கொண்டபோது நான் இரண்டாம் வகுப்பு. இன்று எனக்கு நாற்பத்துமூன்று. அப்பாவுக்கு மகன் இல்லை. நான் மட்டும்தான். எங்கள் நாடகத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. மாதா வேடமே மீசையை மழித்துவிட்டு வரும் கஸ்பார் அண்ணன்தான்.

பிப்ரவரி 23, சனி

திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, நான் படித்த கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்தேன். எத்தனை வருடமாயிற்று இப்படி உட்கார்ந்து! டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

உலகத்து உடுப்பெல்லாம் முதலில் இரண்டே வகை. துணியை வெட்டாமல் உடம்பில் சுற்றிக்கொண்டவர்கள் ஒரு வகை, வெட்டித் தைத்துக்கொண்டவர்கள் இன்னொரு வகை. எகிப்துக்காரனும் கிரேக்கனும் நாமும் முதல் வகை. குளிர் நாட்டில் குதிரை ஏறியவர்கள்தான் கையும் காலும் வைத்துத் தைத்தார்கள். கால்சட்டை போட்டவனைப் பார்த்து ரோமாபுரிக்காரன் காட்டான் என்று சிரித்தானாம். பாவம் அப்பா. கோட்டும் கால்சட்டையும் தொப்பியுமாக வரும் எங்கள் பிலாத்துவை நிஜப் பிலாத்து பார்த்திருந்தால் சிறையில் போட்டிருப்பான்.

அவர்கள் போட்டது டோகா. அரைவட்டமாக ஒரு பெரிய துணி. இடது தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலது கைக்குக் கீழே கொண்டுவந்து மறுபடி இடது தோளில் போட வேண்டும். பொத்தான் இல்லை, ஊசி இல்லை. இடது கை எப்போதும் துணியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேலை செய்யாதவனுடைய உடுப்பு. அதிகாரி என்றால் ஓரத்தில் கருஞ்சிவப்புக் கரை. மதிப்புள்ள வீட்டுப் பெண்கள் டோகாவைத் தொட மாட்டார்களாம். போட்டால் கெட்ட பேர்.

நல்லவேளை, எனக்குத் தைத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை.

பிப்ரவரி 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பா கஞ்சியைக் குடித்து முடித்தார்.

"அப்ப, என்னைச் சேலை கட்டச் சொல்லுத."

"சேலை இல்லப்பா. டோகா."

"எத்தனை முழம்?"

சொன்னேன்.

"சேலைதான்" என்றார்.

பிப்ரவரி 27, புதன்

பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள். அக்பர் ரோமாபுரியை ஆண்டதாக ஒரு பையன் எழுதியிருக்கிறான். எங்கள் பாஸ்கா பார்த்து வளர்ந்தவனாக இருக்கும்.

மார்ச் 3, ஞாயிறு

இன்று அப்பா கோட்டைக் கொடியில் போட்டுக் காற்றாட விட்டார். அதன் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இன்றும் சொன்னார். நானும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அப்பாவின் தாத்தா காலத்தில் இங்கே உப்பு இலாகாத் துரை ஒருவன் இருந்தான். கழிமுகத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பைக் கைப்பிடி அள்ளினால் குற்றம். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரிப்பான். வெயிலில் கோட்டுக்குள் அவனுக்கு வேர்க்கும். ஒவ்வொரு ஆளை விசாரிக்கும்போதும் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றுவான். கடைசியில் கைமடிப்புப் பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்துவிட்டு, பாத்திரத்தில் கை கழுவி எழுந்தால் தீர்ப்பு முடிந்தது, பிடிபட்டவன் ஜெயிலுக்கு உள்ளே போக வேண்டியதுதான். அப்பாவின் சின்னத் தாத்தா அப்படி உள்ளே போய்த் திரும்பி வராதவர்.

துரை சீமைக்குப் போகும்போது சாமான்களை ஏலம் விட்டான். அப்பாவின் தாத்தா அந்தக் கோட்டை எடுத்தார். அந்த வருடம்தான் முதல் பாஸ்கா, பிலாத்து எப்படி இருப்பான் என்று அப்போதைய அண்ணாவிக்குத் தெரியவில்லை. தாத்தா கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றாராம்.

"ஏட்டி, ஊரே தலையில துணியப் போட்டுக்கிட்டு அழுதுச்சாம். ரோமாபுரிக்காரன் என்ன உடுத்தான்னு அவ்வொளுக்கு என்ன தெரியும்? தீர்ப்புச் சொல்லுதவன் என்ன உடுத்தான்னு தெரியும்லா."

சரித்திரப்படி தப்புதான் என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 9, சனி

டோகா தயார். காடாத் துணியை வெளுத்து, மூன்று துண்டு சேர்த்துத் தைத்து, அரைவட்டமாக வெட்டினேன். கரைக்கு அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலை. நடுவில் கிழிந்து பெட்டியில் சும்மா கிடந்தது, அதுதான்.

அப்பாவை முக்காலியில் நிறுத்திச் சுற்றினேன். கரையைப் பார்த்ததும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது ரெஜினா சேலைல்லா?"

"ஆமா."

அதன் பிறகு சேலை என்று கேலி பேசவில்லை. நிமிர்ந்து நின்றார். உண்மையைச் சொன்னால், கம்பீரமாக இருந்தது. எட்டிப் பார்த்த கஸ்பார் அண்ணனே "ஆத்தாடி, சிலையிலல்லா இப்பிடி இருக்கும்" என்றார். சாமியார் வந்து பார்த்துவிட்டு "எக்ஸலெண்ட் டீச்சர், ரோம்லகூட இப்படி யாரும் கட்டிப் பாத்ததில்ல" என்று மூன்று தடவை சொன்னார். இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் இல்லை நான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

ஒத்திகை. நன்றாக நடக்கவில்லை.

அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கைகட்டி ஆண்டவர். பிலாத்து முதல் வசனம் பேச வேண்டும். அப்பாவின் வலது கை கழுத்துக்குப் போனது. அங்கே துணிதான் இருந்தது. கை கீழே வந்து மார்பைத் தடவியது. அங்கேயும் துணி. அண்ணாவி அடியெடுத்துக் கொடுத்தார். ஒரு வரி சொன்னார், நின்றுவிட்டார். மறுபடி அடியெடுத்துக் கொடுத்தார். இரண்டாம் வரிக்குப் பதில் ஆறாம் வரியைச் சொன்னார்.

முன்னால் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்காமல் முழு வசனத்தையும் சொல்லி முடித்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே.

வரும் வழியில் அப்பா நம் தெருவைத் தாண்டி நடந்தார். காற்று வாங்கப் போகிறார் என்று நானும் கூடவே போனேன்.

மார்ச் 12, செவ்வாய்

அப்பா அறையிலிருந்து பிலாத்துவின் குரல். மணிமணியாக வந்தது. கதவு இடுக்கில் பார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறார்.

"சனங்களே! இம்மனிதன்மேல் நீங்கள் சாற்றிய பழி ஒன்றும் என் அறிவுக்கு எட்டவில்லை." முதல் பொத்தான் கழன்றது.

"இவன் ராசனென்றால் இவன் சேனை எங்கே? இவன் கள்வனென்றால் இவன் களவெங்கே?" இரண்டாவது.

ஏழு பித்தளைப் பொத்தான், ஏழு வசனம். அப்பாவின் மண்டையில் வசனம் இல்லை, விரலில் இருக்கிறது. இதை மறந்தே போயிருந்தேன் நான்! சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சாம்பல் புதன்தோறும் புளி போட்டு அந்தப் பொத்தான்களைத் தேய்ப்பது என் வேலை. தேய்க்கும்போது அம்மா கரி இஸ்திரிப்பெட்டியை ஊதிக்கொண்டே கேட்பாள்: "மூணாவது பொத்தான் என்ன சொல்லுது?" நான் மூன்றாவது வசனத்தைச் சொல்வேன். ஒரு வருடம் நாலாவதைத் தப்பாகச் சொன்னதற்கு அப்பா நாள் முழுக்கச் சிரித்தார். அந்த அடுப்படி, அந்தப் புளி வாசனை, வெந்நீர் தெளித்த கம்பளித் துணியின் ஆவி, எல்லாம் இன்று கதவு இடுக்கிலேயே வந்துவிட்டன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதேன்.

மார்ச் 16, சனி

சாமியாரிடம் போய்க் கேட்டேவிட்டேன். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போனேன். மனிதர் நொடியில் ஒப்புக்கொண்டார்.

"அதுக்கென்ன டீச்சர், பெரியவர் கோட்டே போடட்டும். ஆயர்கிட்ட நான் அந்த உப்புத் துரை கதையைச் சொல்லிக்கிறேன். ஆனா உங்க டோகா வீணாப் போகுதே."

போனால் போகட்டும் என்றேன். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு வரும்வரை தோன்றிக்கொண்டிருந்தது.

மார்ச் 17, ஞாயிறு

கோட்டு போய்விட்டது.

ஒத்திகையில் அப்பா சந்தோஷமாக, கொஞ்சம் அதிக வேகமாகவே, கையை நுழைத்தார். முதுகில் மேலிருந்து கீழ்வரை பிரிந்தது. சத்தம்கூட வரவில்லை. தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். நூல் இழுக்க இழுக்கத் துணி பொடியாக உதிர்கிறது. நூறு வருட வேர்வையும் உப்புக் காற்றும் தின்ற துணி. அடியில் வேறு துணி கொடுத்தும் பார்த்தேன், நிற்கவில்லை.

அப்பா கேட்டது ஒன்றுதான். "பொத்தான் விழல்லியே?"

மார்ச் 18, திங்கள்

அப்பா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

குருத்தோலை பிடித்துச் சுற்றி வந்த கையோடு அண்ணாவி வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து, ஆயர் வருகையைப் பேசி, மழையைப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"இஞ்ஞாசி அண்ணே, தப்பா நினைக்கப்பிடாது. துறைமுக ஆபீஸ்ல இருக்கான்லா ரெமிஜியுஸ், அவனுக்கும் வசனத்தைச் சொல்லிக் குடுத்து வைக்கட்டா? ஒரு காவலுக்குத்தான். உங்களுக்கு முடிஞ்சா நீங்கதான்."

காவல் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை வேறு வீட்டுக்குப் போன வேடம் திரும்பி வராது. யூதாசு அப்படித்தான் மச்சாது வீட்டை விட்டுப் போனான்.

"ஈஸ்டர் திங்கக்கிழமை ஒத்திகை பாத்துட்டுச் சொல்லு சந்தியாகு" என்றார் அப்பா. அண்ணாவி போனதும் என்னைப் பார்த்து, "ரெஜினா, அந்தக் காப்பித் தம்ளரை எடு" என்றார். அம்மா செத்துப் பதினோரு வருடம். சேலைக் கரையைப் பார்த்ததிலிருந்து அந்த நினைப்புதான் போலும்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயிலிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கோட்டிலிருந்து ஏழு பொத்தான்களையும் அறுத்தேன். பெரிய வெள்ளியன்று ஊசி எடுக்கக் கூடாது என்பாள் அம்மா. மன்னித்துக்கொள்வாள்.

டோகாவில் மார்புக்குக் குறுக்கே ஒரு பெரிய மடிப்பு விழும். வலது கையை அதற்குள் நுழைத்து வைத்துக்கொள்ளலாம். அந்த மடிப்பின் உள்பக்கம், வெளியே தெரியாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு பொத்தானையும் தைத்தேன். மாட்டிக் கழற்ற எதிரே ஏழு காஜாவும் போட்டேன்.

டோகாவுக்குப் பொத்தான். எந்தச் சரித்திரப் புத்தகமும் என்னை மன்னிக்காது.

ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள்

மடிப்புக்குள் கையை விட்டதும் அப்பாவின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஏழு வசனமும் வந்தன. நாலாவதில் கொஞ்சம் தேடினார், அகப்பட்டது. அண்ணாவி வாயைத் திறக்கவில்லை. சாமியார் என் காதில் "மடிப்புக்குள்ள கையை வச்சிருக்காரு பாருங்க, அசல் ரோமன் நிலை" என்றார். ஆமாம் சாமி என்றேன்.

ஆனால் எட்டாவது வசனம் ஒன்று இருக்கிறது. கை கழுவுகிற இடம். கைமடிப்புப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சொல்வது, டோகாவில் கைமடிப்பே இல்லை. அப்பா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அதை அன்னைக்குப் பாத்துக்கிடலாம்" என்று இறங்கிவிட்டார். அண்ணாவி ரெமிஜியுசைத் திரை ஓரத்தில் தயாராக நிற்கச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். 

பொழுது சாய்ந்ததும் மைதானம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் ஆயர். நான் திரைக்குப் பின்னால் உடுப்புப் பெட்டி பக்கத்தில். திரையின் மறு ஓரத்தில் ரெமிஜியுஸ் உதட்டை அசைத்து வசனம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. இருந்தாலும் பட்டேன்.

வெள்ளை டோகாவில் அப்பா வந்ததும் கூட்டம் முணுமுணுத்தது. "கோட்டு எங்க?" என்று ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள். அப்பா உட்கார்ந்தார். கை மடிப்புக்குள் போனது. முதல் வசனம். இரண்டு. மூன்று. நாலாவதில் நின்றார். கூட்டம் காத்திருந்தது. ரெமிஜியுஸ் ஒரு அடி முன்னால் வைத்தான். மடிப்புக்குள் விரல் தேடுவது எனக்குத் தெரிகிறது. என்னையும் அறியாமல் நான் சொல்லிவிட்டேன்: "நேற்று ஓசன்னா பாடிய நாவுதானா இன்று..." மெதுவாகத்தான் சொன்னேன். அப்பா எடுத்துக்கொண்டார். ஐந்து, ஆறு, ஏழு. சிப்பாய் தாம்பாளமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான்.

அப்பா எழுந்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். வெறும் கை. முழங்கைவரை நரைத்த முடியும் சுருங்கிய தோலும். வலது மணிக்கட்டுக்கு இடது கையைக் கொண்டுபோய், இல்லாத பொத்தானைக் கழற்றினார். அவசரமே இல்லை. இல்லாத கைமடிப்பை ஒரு தடவை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார், தடவிவிட்டார். பிறகு அடுத்த கை.

கடலை விற்கிறவன் கூவுவதை நிறுத்திவிட்டான். கைக்குழந்தைகள்கூட அழவில்லை. உப்புத் துரையைப் பார்த்தவர்கள் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. ஆனால் பிலாத்து பொத்தான் கழற்றினால் என்ன நடக்கப்போகிறது என்று அந்த மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"இந்தத் தண்ணீர் அறியும், இந்தத் தாம்பாளம் அறியும், இந்தக் கை அறியாது!"

கையைத் தண்ணீரில் விட்டார். நான் உடுப்புப் பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டேன். பெருமையில்தான் அழுதேன். வேறு எதற்கும் இல்லை.

கலையும்போது கிழவி ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது: "இஞ்ஞாசிக்கு அந்தக் கோட்டு இந்த வருசமும் பாந்தமாத்தான் இருக்கு, என்னா?"

ஏப்ரல் 8, திங்கள்

வீட்டில் மீன் குழம்பு. அப்பா மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

உடுப்புகளைத் திரும்ப வாங்க அண்ணாவி வந்தார். எல்லாம் நல்லபடி நடந்ததைப் பேசினார். பிறகு தலையைச் சொறிந்தார். "அண்ணே, அடுத்த வருசம்?"

"உடுப்பு இங்கதான் கிடக்கும்."

"கிடக்கட்டும். போடுததுக்கு ஆளு?"

அப்பா என்னைப் பார்த்தார். அண்ணாவியும் பார்த்தார். குழம்பு அடியில் பிடித்த மாதிரி இருந்ததால் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். குழம்பு இறக்கி நெடுநேரம் ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து கேட்டேன். "நாலாவது வசனத்தை அன்னைக்கு யாரு எடுத்துக் குடுத்தான்னு உனக்குத் தெரியும்லா சந்தியாகு" என்றார் அப்பா. அண்ணாவி "தெரியும்" என்றார்.  அண்ணாவி வெறுங்கையோடுதான் போனார்.

ஏப்ரல் 10, புதன்

டோகாவைத் துவைத்துக் காயவைத்தேன். பெட்டியில் வைக்குமுன் மடிப்பு சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். யார் மேலேயாவது சுற்றித்தான் பார்க்க முடியும், அதனால் என்மேல் சுற்றினேன். இடது தோள், முதுகு, வலது கைக்குக் கீழே, மறுபடி தோள். கரை சரியாகக் கணுக்காலில் விழுந்தது. அப்பாவும் நானும் ஒரே உயரம்.

கண்ணாடியில் பார்த்தேன். மதிப்புள்ள பெண்கள் இதைப் போடக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் படித்தது நினைவு வந்தது.

பொத்தான்கள் கெட்டியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஏழும் கெட்டியாகத்தான் இருந்தன.

பிறகு கையை நீட்டி, மணிக்கட்டில் இருக்கிற பொத்தானையும் கழற்றினேன்.